கொழுந்துக்குக் கிடைத்த காற்று, காம்பராவுக்குக் கிடைக்காத காற்று

 

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் ஏசி, புகை உறிஞ்சும் ஃபேன், அல்லது புதிய புகைபோக்கி பொருத்த நினைப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

இரத்தினபுரியிலிருந்து கேகாலை வரை நம் ஊர்களில் இப்போது பள்ளிவாசல், கலியாண மண்டபம், புதிதாகக் கட்டும் மாடி வீடு என்று பல இடங்களில் டக்ட் வைத்த ஏசி பேசப்படுகிறது. காற்றை இழுத்துக் குளிர்வித்து, தகரக் குழாய் வழியாக அறைகளுக்குத் தள்ளும் பெட்டி அது. கட்டார், சவூதி, டுபாய் என்று போய் இந்த வேலையைப் படித்து வந்த தம்பிமார் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொருத்தும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பொருத்துவதற்கு முன் வீட்டைத் தயார் செய்வது வீட்டுக்காரரின் கடமை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அதற்கு ஏன் சரித்திரம் என்று கேட்கலாம். இயந்திரம் வைத்துக் காற்றை ஓட்டுவது நம் மலைகளுக்குப் புதிய விடயமே இல்லை. நூறு வருடத்துக்கும் மேலாக நம் கண்முன்னே அது நடந்துகொண்டிருக்கிறது. வீடுகளில் அல்ல, தேயிலை பெக்டரிகளில்.

* கொழுந்து கேட்ட காற்று *

இலங்கை முதலில் கோப்பி நாடு. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தெரிய ஆரம்பித்தது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பின்னர் அது சப்ரகமுவ மலைகளுக்கும் இறங்கியது.

கோப்பிக்கும் தேயிலைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. தேயிலை, பறித்த நாளிலேயே காற்றைக் கேட்கும். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். ரோலரில் போட்டு அரைப்பதற்கு முன் அதை வாட்ட வேண்டும். பொதுவாக 12 முதல் 18 மணித்தியாலம் வரை செல்லும். மழை நாளில் அந்த நீர் தானாகப் போகாது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. இந்த ஈரக் காற்றில் கொழுந்தைச் சும்மா விரித்து வைத்தால் அது வாடுவதற்கு முன் பழுதாகிவிடும்.

அதனால்தான் நம் பகுதிப் பழைய பெக்டரிகளின் உருவமே அப்படி அமைந்தது. கீழே இயந்திரம், மேலே இரண்டு மூன்று மாடி. மாடி முழுக்க வரிசை வரிசையாக யன்னல். உள்ளே சணல் துணி கட்டிய தட்டுகள் அடுக்கடுக்காக. கீழேயிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றைப் பெரிய ஃபேன்கள் மாடி நெடுகிலும் இழுத்துச் செல்லும். பிற்காலத்தில் தட்டுகளுக்குப் பதிலாக, அடியிலிருந்து ஃபேன் ஊதும் நீண்ட தொட்டிகள் வந்தன. டீமேக்கர் ஐயா ஈரக் குமிழ், உலர் குமிழ் என்று இரண்டு வெப்பமானிகளைப் பார்த்து, இன்று காற்றில் எவ்வளவு ஈரம், எந்த யன்னலைத் திறப்பது, எதை மூடுவது என்று முடிவு செய்வார். இன்றைக்கு ஏசி பொறியியலாளர் ஒருவர் செய்யும் கணக்கும் இதே வகைதான்.

* சிரொக்கோ *

தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு 'சிரொக்கோ' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். பெக்டரி இயந்திரங்களில் அந்தப் பெயர் வார்ப்பு எழுத்தில் இருக்கும். சஹாரா பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வீசும் சூடான காற்றின் பெயர் அது.

இயந்திரத்தைச் செய்தவர் சாமுவேல் க்ளீலண்ட் டேவிட்சன். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் பகுதியைச் சேர்ந்தவர். 1864இல், இருபது வயதும் நிரம்பாத இளைஞராக, அசாம் பக்கத்துக் கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். அப்போது அங்கே தேயிலையைக் கரி அடுப்பின் மேல் தட்டு வைத்துக் காயவைத்தார்கள். கரி வீணாகும், தேயிலை கருகும். டேவிட்சன் நெருப்பை ஒரு பக்கம் வைத்து, சூடாக்கிய காற்றை மட்டும் தேயிலைக்குள் ஓட்டும் இயந்திரங்களைச் செய்தார். 1881இல் பெல்பாஸ்டில் சிரொக்கோ வேர்க்ஸ் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார். 1898 அளவில் அவர் உருவாக்கிய உருளை வடிவ ஃபேன் தேயிலையைத் தாண்டி, நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் போனது. இன்று வீட்டு ஏசியின் உட்பெட்டியைத் திறந்தால் அணில் கூண்டு போலச் சுழலும் ஃபேன் ஒன்று இருக்கும். அதற்கும் அந்தப் பழைய ஃபேனுக்கும் உறவு உண்டு.

இந்த உலர்த்தும் இயந்திரத்தில் ஒரு விடயத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். விறகு எரியும் புகை தேயிலையைத் தொடவே கூடாது. தொட்டால் தேயிலையில் புகை வாடை ஏறும், ஏலத்தில் விலை போகாது. எனவே புகை இரும்புக் குழாய்களின் ஒரு பக்கமாகப் போய்ப் புகைபோக்கி வழியாக வெளியேறும். குழாயின் மறு பக்கத்தில் சூடாகும் சுத்தமான காற்று மட்டுமே தேயிலைக்குப் போகும். குழாயில் சிறு வெடிப்பு வந்தாலும் அதைக் கண்டுபிடித்து உடனே அடைப்பார்கள்.

அதாவது, புகையும் சுவாசிக்கும் காற்றும் கலக்கக் கூடாது என்ற பாடம் நம் தோட்டங்களுக்கு நூறு வருடத்துக்கு முன்பே தெரியும். தேயிலையின் விடயத்தில் தெரியும்.

* லயம் *

இப்போது பெக்டரியிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்தைப் பாருங்கள்.

ஒரே கூரை. ஒரே வரிசையில் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. பல இடங்களில் இரண்டு வரிசையை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினார்கள். அப்படிக் கட்டினால் பின் சுவரில் யன்னல் வைக்கவே வழியில்லை. காற்று வருவதும் கதவால், போவதும் அதே கதவால். புகைபோக்கி இல்லை. விறகு அடுப்பு உள்ளே அல்லது இஸ்தோப்பின் ஓரத்தில். மழைக்காலத்தில் கதவையும் சாத்திவிட்டால் புகை தகரத்தின் இடுக்குகளால்தான் வெளியேற வேண்டும்.

மலையில் அதிக யன்னல் உள்ள கட்டடம் பெக்டரி. மிகக் குறைந்த யன்னல் உள்ள கட்டடம் லயம். இரண்டையும் கட்டியது ஒரே நிர்வாகம்.

உயரமான தோட்டங்களின் பங்களாக்களில் குளிர்காய நெருப்பு மேடையும் புகைபோக்கியும் இருந்தன. ஆகவே புகைபோக்கி கட்டும் அறிவு இல்லாமல் போனதல்ல. 1912இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள், நோய்கள் பற்றிய சட்டங்கள் வந்தன. ஆனாலும் ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் தலைமுறைகள் வாழ்ந்தன. கண் எரிச்சல், இருமல், இளைப்பு என்பவை தாய்மாரின் வயதோடு வருபவை என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் வீட்டுப் புகையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அடுப்போடு அதிக நேரம் இருப்பவர்கள் தாய்மாரும் சிறு பிள்ளைகளும்தான்.

லயத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளி வரிசை முழுதும் திறந்தே இருக்கும். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அது அந்த வழியாகத்தான் அடுத்ததுக்குப் பாய்கிறது. லயம் எரிந்தது என்று நாம் கேட்கும் செய்திகளில் ஒரு வீடு மட்டும் எரிந்ததாக வருவது அரிது.

* புகைக் கூடமும் இரத்தினக்கல் குழியும் *

தேயிலை மட்டும் இல்லை. 1876இல் கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்துக்குக் கன்றாக வந்த றப்பர், கேகாலை, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கங்களை மூடியது. றப்பர் சீட்டைக் காயவைக்கும் புகைக் கூடத்தைப் பாருங்கள். அங்கே புகை வேண்டும், ஆனால் அளவாக வேண்டும். 50, 60 பாகை செல்சியஸ் சூட்டில் சில நாட்கள். ஈரம் வெளியேறக் கூரையில் திறப்பு, கீழே காற்று நுழைய வழி. றப்பருக்கான புகைக்கும் ஒரு கணக்கு இருந்தது.

மனிதருக்காகக் குழாயில் காற்று அனுப்பிய இடம் ஒன்றும் நம் மாவட்டத்தில் உண்டு. அது இரத்தினக்கல் குழி. 'இல்லம்' என்று சொல்லும் கல்மண் படையைத் தேடி ஆழமாக இறங்கும்போது, மேலே ஒரு ஊதுகருவி வைத்துக் குழாயால் கீழே காற்று அனுப்புவார்கள். மெழுகுவர்த்தி கீழே அணைந்தால் உடனே மேலே வா என்பது குழிக்காரரின் பழைய சட்டம். அதில் ஒரு குறை உண்டு. ஒட்சிசன் குறைந்தால் மெழுகுவர்த்தி அணையும். ஆனால் பெற்றோல் இயந்திரம் கக்கும் காபனோரொட்சைட்டுக்கு அது அணையாது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் குழிக்குள் இறக்கினால் மனிதர் உயிர் போவது அதனால்தான். இதை ஞாபகத்தில் வையுங்கள், கீழே மீண்டும் வரும்.

* சுவரில் ஓட்டை போட யாருக்கு உரிமை? *

பெல்பாஸ்டில் 1903இல் திறந்த றோயல் விக்டோரியா வைத்தியசாலையில் பெரிய ஃபேன்கள், நிலத்தடியில் நீண்ட செங்கல் டக்ட் ஒன்றின் வழியாக வார்டுகளுக்குக் காற்று அனுப்பின. காற்றின் தூசியைப் பிடித்து ஈரத்தைச் சீர்செய்ய, தண்ணீர் தெளித்த தென்னை நார்க் கயிறுகளைத் திரை போலத் தொங்கவிட்டார்கள். நம் ஊர்த் தும்புக் கயிறு போன்றதுதான். உலகின் முதல் ஏசிக் கட்டடங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். அங்கேயும் சிரொக்கோ ஃபேன்கள்தான். அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் 1902இல் முதல் ஏசியை வடிவமைத்தது ஓர் அச்சகத்துக்காக. காகிதம் ஈரத்தில் விரியாமல் இருக்க வேண்டும் என்பது நோக்கம். அதற்குப் பிறகு அந்தக் காற்று மெல்ல மெல்ல மனிதரின் வீடுகளுக்கு வந்தது.

தேயிலைக்காகப் பிறந்த ஃபேன் பெல்பாஸ்ட் நோயாளியின் கட்டிலுக்குப் போனது. தேயிலை பறித்த தாயின் காம்பராவுக்கு வரவில்லை. காசு மட்டும் இதற்குக் காரணம் இல்லை. லயத்துச் சுவர் அவருடைய சுவர் அல்ல. 1948 குடியுரிமைச் சட்டத்தோடு மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. வீடு யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படவில்லை. ஒரு யன்னல் வெட்டவும் தோட்டத்து அனுமதி வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்யத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான்.

ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்த குடும்பங்களுக்கு இப்போதுதான் தன் சுவரில் தானே ஓட்டை போடும் நிலை வந்திருக்கிறது. பல குடும்பங்களுக்கு இன்னும் வரவில்லை.

* தலைக்கு மேல் இருக்கும் சீட் *

இன்னும் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் வீட்டுக்குள் போக முடியாது. பழைய தகரம் துருப்பிடித்தபோது நம் பகுதி லயங்கள், கடைகள், பாடசாலைகள், வீடுகள் பலவற்றில் அஸ்பெஸ்டோஸ் சீட் ஏறியது. மலிவு, மழைச் சத்தம் குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் எல்லா வகை அஸ்பெஸ்டோசும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. கூரையில் சும்மா இருக்கும் நல்ல சீட்டால் ஆபத்து குறைவு. அதை வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும் பறக்கும் நுண்ணிய நார்தான் நெஞ்சுக்குள் போய் உட்காருகிறது. நோய் தெரிய இருபது முப்பது வருடம் ஆகலாம்.

அரசு 2018 முதல் அஸ்பெஸ்டோஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. உலகில் அதிகம் அஸ்பெஸ்டோஸ் தோண்டும் நாடும் ரஷ்யாதான். அதே நாட்களில் இலங்கை அஸ்பெஸ்டோஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது. ரஷ்யா தேயிலைத் தடையை அந்த மாத முடிவிலேயே நீக்கியது. இரண்டையும் சேர்த்துப் பத்திரிகைகள் அன்று எழுதின. தேயிலை விற்க வேண்டும் என்பதற்காகக் கூரை அப்படியே இருந்தது. கூரைக்குக் கீழே இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

* ஆகவே, வீட்டைத் தயார் செய்யும்போது *

டீமேக்கர் தினமும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: காற்று எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது, வழியில் எதைத் தொடுகிறது? அதே கேள்வியை நம் வீட்டிலும் கேட்போம். டக்ட் ஏசிக்கும், சாதாரண ஏசிக்கும், சின்ன ஃபேனுக்கும் இது பொருந்தும்.

1. முதலில் கூரை. மேலே அஸ்பெஸ்டோஸ் இருந்தால் அதைத் துளைக்காத வழியைத் தேடுங்கள். குழாயைச் சுவர் வழியாக எடுக்கலாம். கட்டாயம் தொட வேண்டுமானால் மின் துளைகருவியும் வெட்டும் சக்கரமும் வேண்டாம். தண்ணீரால் நனைத்து, கைக்கருவியால், நுண்தூசிக்கான முகக்கவசத்தோடு செய்யட்டும். பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். தூசியை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பாஸ்மாருக்கும் இதைச் சொல்லுங்கள். ஒரு நாள் நம் வீட்டில் துளைப்பவர் வருடம் முழுவதும் பல வீடுகளில் துளைக்கிறார்.

2. அடுப்பு. புகை கொழுந்தைத் தொடக்கூடாது என்ற அதே சட்டம். காற்றை உள்ளிழுக்கும் வாயை விறகு அடுப்புக்கோ குசினிக்கோ பக்கத்தில் வைத்தால், புகையை இழுத்து எல்லா அறைக்கும் அதுவே பங்கு வைக்கும். ஏசிக்கு முன் குசினிக்குப் புகைபோக்கி வையுங்கள். புகை உறிஞ்சும் ஃபேன் பொருத்தினால் வெளிக்காற்று உள்ளே வர ஒரு வழியும் விடுங்கள்.

3. மூடிய அறை. சாதாரண ஏசி வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே சுற்றவைக்கிறது. ஆகவே ஏசி அறையில் கரிச்சட்டி வைக்கக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளும், இஸ்தோப்பிலும், காற்று இழுக்கும் வாய்க்கு அருகிலும் ஓடவிடக் கூடாது. இரத்தினக்கல் குழியில் உயிரை எடுக்கும் அதே வாயு அறையிலும் சேரும்.

4. பொதுச் சுவரும் சீலிங்கும். பக்கத்து வீட்டோடு சுவர் சேர்ந்திருந்தால், துளைத்த இடத்தைச் சுற்றிச் சீமெந்தால் முழுதாக அடையுங்கள். சீலிங்குக்கு மேல் இடைவெளி திறந்திருந்தால் அதையும் கல் வைத்து மூடுங்கள். தீ போகும் வழியும் எலி வரும் வழியும் அதுதான். லயத்தில் இருப்பவர்கள் சுவரைத் தொடுமுன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேட்டதன் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

5. மின்சாரம். ஏசிக்குத் தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச். பிளக்கிலிருந்து பிளக் இழுத்து ஏசி ஓட்டாதீர்கள். பெட்டியைத் தொங்கவிடும் முன் சீலிங் மரம் கறையான் அரிக்காமல் பாரம் தாங்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

6. ஈரம். நம் காற்றில் குளிர்ந்த டக்ட் வியர்க்கும். மேலே காப்புறை சுற்றாவிட்டால் தண்ணீர் சொட்டிச் சீலிங்கில் பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீர் வடியும் குழாய்க்குச் சரிவு இருக்கிறதா பாருங்கள். கட்டட வேலை முடியும்வரை டக்ட் வாய்களைப் பொலித்தீனால் கட்டி வையுங்கள். இல்லையென்றால் முதல் நாளே சீமெந்துத் தூசியைத்தான் சுவாசிப்பீர்கள்.

இவற்றில் பாதிக்கு மேல் செலவில்லாத காரியங்கள். வேலை தொடங்குவதற்கு முதல் நாள் பாஸோடு ஒரு மணித்தியாலம் வீட்டைச் சுற்றி நடந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாலே போதும்.

ஏசி வாங்க வசதி இல்லாத வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோவில் சபைகள், நலன்புரிச் சங்கங்கள் எல்லோரிடமும் நாம் கேட்பது இதுதான். மண்டபத்துக்கு டக்ட் போடும் வருடத்தில், பக்கத்துத் தோட்டத்தில் பத்துக் குசினிக்காவது ஒரு புகைபோக்கி போட்டுக் கொடுப்போம். அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கொஞ்சம் செங்கல், ஒரு குழாய், ஒரு மேசன் பாஸ், தோட்டத்தின் அனுமதிக் கடிதம் ஒன்று. இவ்வளவும் இருந்தால் ஒரு தாயின் கண் நாளை முதல் எரியாது.

கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த பெரியவர்கள் இன்னும் நம் மத்தியில் இருக்கிறார்கள். காற்றின் ஈரத்தைக் கையாலேயே சொல்லக்கூடிய மனிதர்கள். பிள்ளைகளே, அவர்களிடம் போய்க் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த பதிவில் அவர்கள் சொன்னதைப் போடுவோம், இன்ஷா அல்லாஹ்.